எபிரேய அரசர்களின் காலவரிசை

எபிரேய அரசர்களின் காலவரிசை என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாடு குறிப்பிடும் இசுரயேல், யூதா ஆகிய இரு அரசுகளின் மன்னர்கள் ஆண்ட காலத்தைக் கி.மு. ஆண்டுகளாக வரையறுக்கும் முயற்சி ஆகும். விவிலியம் ஒவ்வொரு மன்னரும் எத்தனை ஆண்டுகள் ஆண்டார் என்று கூறுகிறது. ஆனால் அந்த ஆண்டுகளை எந்தப் பொது ஆண்டுக் கணக்கோடும் இணைப்பதில்லை. ஆகவே அசீரிய, பாபிலோனியப் பதிவுகளும் வானியல் கணிப்புகளும் இதற்குத் துணை கொள்ளப்படுகின்றன. விவிலியக் காலக்கணக்கையும் விவிலியத்துக்கு வெளியே உள்ள காலக்கணக்கையும் நேரடியாக ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும் மிகப் பழைய காலப்பகுதி இதுவே என்பதால் இது வரலாற்றாய்வில் தனி இடம் பெறுகிறது.

பின்னணி

விவிலியக் கூற்றின்படி சாலமோன் இறந்தபின் அவரது அரசு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இசுரயேல் அரசும், எருசலேமைத் தலைநகராகக் கொண்டு தெற்கே யூதா அரசும் அமைந்தன. வட அரசின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. எருசலேம் பின்னர் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது.

விவிலியத்தின் அரசர்கள் நூல்கள் (இராஜாக்கள்) இரு அரசுகளின் மன்னர்களையும் மாறி மாறிக் குறிப்பிடுகின்றன. ஒவ்வொரு மன்னரைப் பற்றியும் பொதுவாக இரண்டு தரவுகள் தரப்படுகின்றன. ஒன்று, அவர் ஆண்ட மொத்த ஆண்டுகள். மற்றொன்று, அண்டை அரசின் மன்னருடைய எத்தனையாவது ஆட்சியாண்டில் அவர் அரியணை ஏறினார் என்பது. இரண்டாவது வகைத் தரவு ஒத்திசைவுக் குறிப்பு எனப்படும்.

இவ்வளவு விரிவான தரவுகள் இருந்தும், எண்களை அப்படியே கூட்டினால் அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

முரண்பாடுகள்

அரசு பிரிந்த ஆண்டில் இரு அரசுகளின் கணக்கும் ஒன்றாகத் தொடங்குகிறது. பின்னர் ஏகூ (யெகூ) என்னும் படைத்தலைவர் இசுரயேல் மன்னர் யோராமையும் யூதா மன்னர் அகசியாவையும் ஒரே காலத்தில் கொன்று இசுரயேலின் அரியணையைக் கைப்பற்றினார். எனவே இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலம் இரு அரசுகளுக்கும் சமமாக இருத்தல் வேண்டும். விவிலியம் தரும் ஆட்சியாண்டுகள் பின்வருமாறு:

இசுரயேல்: எரொபவாம் 22, நாதாபு 2, பாசா 24, ஏலா 2, சிம்ரி 7 நாட்கள், ஓம்ரி 12, ஆகாபு 22, அகசியா 2, யோராம் 12. மொத்தம் 98 ஆண்டுகளும் 7 நாட்களும்.

யூதா: ரெகபெயாம் 17, அபியாம் 3, ஆசா 41, யோசபாத்து 25, யோராம் 8, அகசியா 1. மொத்தம் 95 ஆண்டுகள்.

(இரு அரசுகளிலும் யோராம், அகசியா என்னும் பெயருடைய மன்னர்கள் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.)

ஏகூவின் காலம் முதல் சமாரியாவின் வீழ்ச்சி வரை உள்ள காலத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. இசுரயேல் மன்னர்களின் ஆண்டுகள் 143 ஆண்டுகளும் 7 மாதங்களுமாகின்றன. யூதாவின் ஆண்டுகள் ஏறத்தாழ 165 ஆகின்றன.

ஒத்திசைவுக் குறிப்புகளிலும் முரண்கள் உள்ளன. யூதாவின் அகசியா இசுரயேலின் யோராமுடைய 12ஆம் ஆண்டில் அரசரானார் என 2 அரசர்கள் 8:25 கூறுகிறது. அதே நூலின் 9:29 அதனை 11ஆம் ஆண்டு என்கிறது. அவ்வாறே 2 அரசர்கள் 1:17 இசுரயேலின் யோராம் யூதாவின் யோராமுடைய 2ஆம் ஆண்டில் அரசரானதாகக் கூற, 8:16 யூதாவின் யோராமே இசுரயேலின் யோராமுடைய 5ஆம் ஆண்டில் அரசரானதாகக் கூறுகிறது.

முற்கால முயற்சிகள்

அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட காலவரிசை மிகவும் புகழ்பெற்றது. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்பது அவரது கணிப்பு. அரசு பிரிந்தது கி.மு. 975 என்றும் அவர் கணித்தார். அவரது ஆண்டுகள் பிற்காலத்தில் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் அச்சிடப்பட்டதால் நெடுங்காலம் பரவலாக ஏற்கப்பட்டிருந்தன.

இக்காலத்து அறிஞர்கள் பொதுவாக யூதாவின் நீண்ட கணக்கை அடிப்படையாகக் கொண்டனர். இசுரயேலின் கணக்கில் குறையும் ஆண்டுகளை, அரசர் எவரும் இல்லாத இடைவெளிகளைக் கற்பித்து நிரப்பினர். ஆப்பெழுத்துப் பதிவுகள் அப்போது படிக்கப்படாதிருந்தமையால் இக்கணிப்பைச் சோதிக்க வழியிருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அப்பதிவுகள் படிக்கப்பட்டபோது, அஷரின் கணிப்பில் ஆகாபின் இறப்பு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

விவிலியத்துக்கு வெளியே உள்ள சான்றுகள்

அசீரிய ஆண்டுப்பெயர் பட்டியல்

அசீரியர் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உயர் அலுவலரின் பெயரைச் சூட்டினர். இவ்வலுவலர் லிம்மு எனப்பட்டார். கி.மு. 910 முதல் 649 வரையான லிம்மு பெயர்கள் தொடர்ச்சியாகக் கிடைத்துள்ளன. இப்பட்டியலில் புர்-சகாலே என்பவரின் ஆண்டில், சிமானு மாதத்தில் சூரிய கிரகணம் ஏற்பட்டதாக ஒரு குறிப்பு உள்ளது. அது கி.மு. 763 சூன் 15இல் நிகழ்ந்த கிரகணம் என வானியல் கணிப்பால் அறியப்பட்டுள்ளது. இந்த ஓர் ஆண்டு உறுதியானதும் பட்டியலின் ஏனைய ஆண்டுகளும் உறுதியாகின்றன.

குர்க் கற்பலகையும் கருப்புத் தூபியும்

இன்றைய துருக்கியிலுள்ள குர்க் என்னுமிடத்தில் 1861இல் கண்டெடுக்கப்பட்ட கற்பலகை, அசீரிய மன்னர் மூன்றாம் சல்மனேசர் தமது 6ஆம் ஆண்டில் கர்கர் என்னுமிடத்தில் கூட்டுப்படை ஒன்றை எதிர்த்துப் போரிட்டதைக் கூறுகிறது. அக்கூட்டுப்படையில் இசுரயேலின் ஆகாபு 2,000 தேர்களுடனும் 10,000 வீரர்களுடனும் பங்கேற்றதாக அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இப்போர் கி.மு. 853இல் நடந்தது.

நிம்ருத் நகரில் 1846இல் ஆஸ்டின் ஹென்றி லேயார்டு கண்டெடுத்த கருப்புத் தூபி, ஏகூ சல்மனேசருக்குத் திறை செலுத்தும் காட்சியைக் காட்டுகிறது. சல்மனேசரின் ஆண்டுக் குறிப்புகளின்படி இத்திறை அவரது 18ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 841இல் செலுத்தப்பட்டது. இவ்விரு கல்வெட்டுகளும் இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

விவிலியம் கர்கர் போரையும் ஏகூ திறை செலுத்தியதையும் குறிப்பிடவில்லை. ஆகவே இச்சான்றுகள் விவிலியத்தைச் சாராதவை எனக் கொள்ளலாம்.

பாபிலோனியப் பதிவுகள்

பாபிலோனியக் குறிப்பேட்டின் ஒரு பகுதியை டொனால்டு வைஸ்மன் 1956இல் வெளியிட்டார். நெபுகாத்நேச்சர் தமது 7ஆம் ஆண்டில், ஆதார் மாதம் 2ஆம் நாள் யூதாவின் நகரைக் கைப்பற்றி, அதன் மன்னரைச் சிறைபிடித்து, வேறொருவரை அரியணையில் அமர்த்தினார் என்று அது கூறுகிறது. இந்நாள் கி.மு. 597 மார்ச் 16 ஆகும். விவிலியம் கூறும் யோயாக்கினின் நாடுகடத்தலும் செதேக்கியாவின் நியமனமும் இந்நிகழ்வே.

பெர்லினில் உள்ள மற்றொரு களிமண் பலகை நெபுகாத்நேச்சரின் 37ஆம் ஆண்டில் காணப்பட்ட நிலவு, கோள்களின் நிலைகளைப் பதிவு செய்துள்ளது. இந்நிலைகள் கி.மு. 568/567ஆம் ஆண்டோடு பொருந்துகின்றன. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 7ஆம் ஆண்டு கி.மு. 598/597 ஆகிறது. குறிப்பேடு ஒரு வழியிலும் வானியல் பலகை மற்றொரு வழியிலும் ஒரே முடிவுக்கு இட்டுச் செல்கின்றன.

ஆண்டுகளை எண்ணும் முறைகள்

முரண்பாடுகளுக்கான காரணத்தை அக்கால ஆண்டுக்கணக்கு முறைகளில் தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் எட்வின் தீலே (1895–1986). இவர் 1943இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எபிரேய அரசர்களின் எண்கள் குறித்த இவரது நூல் 1951இல் வெளியானது. அவர் பயன்படுத்திய விதிகளுள் முக்கியமானவை மூன்று.

முடியேற்ற ஆண்டு

மன்னர் ஒருவர் ஆண்டின் நடுவில் இறந்து மற்றொருவர் முடிசூடினால் அந்த ஆண்டை யார் கணக்கில் சேர்ப்பது என்பதே முதல் வினா. ஒரு முறையில் அவ்வாண்டு இறந்தவருக்கு மட்டுமே உரியது. புதியவரின் முதல் ஆண்டு அடுத்த புத்தாண்டில் தொடங்கும். இதனை விலக்கும் முறை எனலாம். பாபிலோனியர் இம்முறையைக் கையாண்டனர். மற்றொரு முறையில் அவ்வாண்டு இறந்தவரின் கடைசி ஆண்டாகவும் புதியவரின் முதல் ஆண்டாகவும் இருமுறை எண்ணப்படும். இதனைச் சேர்க்கும் முறை எனலாம். சேர்க்கும் முறையில் ஒவ்வோர் ஆட்சிக்கும் ஓர் ஆண்டு கூடுதலாகிறது.

புத்தாண்டு

இளவேனில் காலத்து நிசான் மாதத்திலும், இலையுதிர் காலத்துத் திசிரி மாதத்திலும் ஆண்டைத் தொடங்கும் வழக்கங்கள் இருந்தன. இசுரயேல் நிசானையும் யூதா திசிரியையும் பின்பற்றின என்பது தீலேயின் கருத்து. யோசியா மன்னரின் 18ஆம் ஆண்டில் கோவிலைச் செப்பனிடும் பணி நடந்ததாகவும், சட்டநூல் கண்டெடுக்கப்பட்டதாகவும், அதே 18ஆம் ஆண்டில் பாஸ்கா விழா கொண்டாடப்பட்டதாகவும் விவிலியம் கூறுகிறது. பாஸ்கா நிசான் 14ஆம் நாளுக்குரியது. ஆண்டு நிசானில் தொடங்கியிருந்தால் இவையனைத்தும் இரண்டு வாரத்துக்குள் நடந்திருக்க வேண்டும். திசிரியில் தொடங்கியிருந்தால் ஆறு மாத காலம் கிடைக்கிறது.

இணையாட்சி

தந்தை உயிரோடிருக்கும்போதே மகனும் அரசராக ஆள்வது இணையாட்சி ஆகும். அப்போது ஒரே ஆண்டுகள் இருவர் கணக்கிலும் இடம்பெறும். அசரியா தொழுநோயுற்றுத் தனியில்லத்தில் வாழ்ந்தபோது அவரது மகன் யோத்தாம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார் என்று 2 அரசர்கள் 15:5 வெளிப்படையாகவே கூறுகிறது.

பொருந்தும் இடங்கள்

ஆகாபு கி.மு. 853இல் உயிருடன் இருந்தார்; ஏகூ கி.மு. 841இல் அரசராக இருந்தார். இடைப்பட்ட காலம் 12 ஆண்டுகளே. ஆனால் இவ்விருவருக்கும் இடையில் அகசியா 2 ஆண்டுகளும் யோராம் 12 ஆண்டுகளுமாக மொத்தம் 14 ஆண்டுகள் ஆண்டதாக விவிலியம் கூறுகிறது. இசுரயேல் சேர்க்கும் முறையைப் பின்பற்றியது எனக் கொண்டால் ஒவ்வோர் ஆட்சிக்கும் ஓர் ஆண்டு கழிய, 1 + 11 = 12 என்றாகிறது. அதாவது ஆகாபு கர்கர் போர் நடந்த ஆண்டிலேயே இறந்தார் என்றும் ஏகூ திறை செலுத்திய ஆண்டிலேயே அரியணை ஏறினார் என்றும் கொண்டால் எண்கள் சரியாகப் பொருந்துகின்றன.

இதே விதியை முழுக் காலத்துக்கும் பயன்படுத்தலாம். இசுரயேலின் 98 ஆண்டுகளில், 7 நாட்கள் மட்டும் ஆண்ட சிம்ரி நீங்கலாக எட்டு மன்னர்கள் உள்ளனர். எட்டு ஆண்டுகளைக் கழித்தால் 90 கிடைக்கிறது. யூதாவில் ஆசா தமது 39ஆம் ஆண்டில் காலில் கடும் நோயுற்று 41ஆம் ஆண்டில் இறந்தார். அக்காலத்தில் யோசபாத்து இணையாட்சி செய்தார் எனக் கொண்டு 3 ஆண்டுகள் கழிக்கப்படுகின்றன. யூதாவின் யோராம் ஆகாபின் மகள் அத்தலியாவை மணந்தவர். இவரும் இவர் மகன் அகசியாவும் இசுரயேலின் முறையைப் பின்பற்றினர் எனக் கொண்டு மேலும் 2 ஆண்டுகள் கழிக்கப்படுகின்றன. 95 – 3 – 2 = 90. இரு கணக்குகளும் ஒன்றாகின்றன. இதன்படி அரசு பிரிந்தது கி.மு. 931/930 ஆகும்.

அகசியா அரசரானது 11ஆம் ஆண்டிலா 12ஆம் ஆண்டிலா என்னும் முரணும் இதனால் தீர்கிறது. விலக்கும் முறையில் 11ஆம் ஆண்டாக அமைவது சேர்க்கும் முறையில் 12ஆம் ஆண்டாக அமையும். இரு யோராம்களைப் பற்றிய முரணை, யூதாவின் யோராம் தம் தந்தையோடு இணையாட்சி செய்தார் என்ற அடிப்படையில் தீலே விளக்கினார்.

பொருந்தாத இடங்கள்

பெக்காவின் 20 ஆண்டுகள்

இசுரயேல் மன்னர் மெனகேம் கி.மு. 738 அளவில் மூன்றாம் திக்லத்-பிலேசருக்குத் திறை செலுத்தியதை அசீரியப் பதிவுகள் கூறுகின்றன. கி.மு. 732 அளவில் பெக்கா வீழ்த்தப்பட்டு ஓசேயா அரசரானார். இந்த ஆறு ஆண்டுகளுக்குள் பெக்ககியாவின் 2 ஆண்டுகளும் பெக்காவின் 20 ஆண்டுகளும் அடங்க வேண்டியுள்ளது. பெக்கா முன்னரே யோர்தானுக்குக் கிழக்கே கிலயாதில் போட்டி அரசராக ஆண்டார் என்பது தீலேயின் விளக்கம். பெக்காவின் சதியில் கிலயாதைச் சேர்ந்த 50 பேர் உடனிருந்தனர் என்ற விவிலியக் குறிப்பு இதற்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது. எனினும் அத்தகைய போட்டி அரசு இருந்ததாக எப்பதிவும் நேரடியாகக் கூறவில்லை.

எசேக்கியாவின் 14ஆம் ஆண்டு

சமாரியா எசேக்கியாவின் 6ஆம் ஆண்டில் வீழ்ந்தது என 2 அரசர்கள் 18:10 கூறுகிறது. செனகெரிபு அவரது 14ஆம் ஆண்டில் யூதாவின் மீது படையெடுத்தார் என 18:13 கூறுகிறது. இவற்றுக்கிடையே 8 ஆண்டுகளே உள்ளன. ஆனால் சமாரியா வீழ்ந்தது கி.மு. 723/722, செனகெரிபின் படையெடுப்பு கி.மு. 701. உண்மையான இடைவெளி ஏறத்தாழ 21 ஆண்டுகள். முதல் குறிப்பின்படி எசேக்கியா கி.மு. 728 அளவிலும், இரண்டாம் குறிப்பின்படி கி.மு. 715 அளவிலும் அரசராகியிருக்க வேண்டும்.

தீலே கி.மு. 715ஐ ஏற்று, 18:10 முதலிய ஒத்திசைவுக் குறிப்புகள் பிற்காலத் தொகுப்பாளரின் பிழை என்றார். லெஸ்லி மக்ஃபால் 1991இல் வெளியிட்ட கட்டுரையில், எசேக்கியா முதலில் தந்தை ஆகாசோடு இணையாட்சி செய்து பின்னர் தனியாட்சி தொடங்கினார் என விளக்கினார். 14 என்பது 24 என்பதன் எழுத்துப்பிழை என்பது வேறு சிலரின் கருத்து. 14ஆம் ஆண்டு என்பது உண்மையில் எசேக்கியா நோயுற்ற ஆண்டைக் குறித்தது என்போரும் உளர்.

எருசலேம் அழிந்த கி.மு. 587இலிருந்து பின்னோக்கி எண்ணும்போது, செதேக்கியா 11, யோயாக்கிம் 11, யோசியா 31, ஆமோன் 2, மனாசே 55 என 110 ஆண்டுகளும், எசேக்கியாவின் 29 ஆண்டுகளும் சேர்ந்து கி.மு. 726க்கு இட்டுச் செல்கின்றன. இது முதல் குறிப்புக்கு நெருக்கமானது. கி.மு. 715ஐ ஏற்போர் மனாசே பத்தாண்டுகளுக்கு மேல் தந்தையோடு இணையாட்சி செய்ததாகக் கொள்ள வேண்டியுள்ளது.

எருசலேம் அழிந்த ஆண்டு

எருசலேம் அழிக்கப்பட்ட ஆண்டு கி.மு. 587 என்றும் 586 என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது. பாபிலோனியக் குறிப்பேட்டில் இவ்வாண்டுகளுக்குரிய பகுதி கிடைக்காததே இதற்குக் காரணம். விவிலியத்திலும் இரு எண்கள் உள்ளன. 2 அரசர்கள் 25:8 நெபுகாத்நேச்சரின் 19ஆம் ஆண்டு என்கிறது. எரேமியா 52:29 எருசலேமிலிருந்து மக்கள் நாடுகடத்தப்பட்டதை 18ஆம் ஆண்டில் வைக்கிறது. அதற்கு முந்தைய நாடுகடத்தலுக்கும் இவ்வாறே 8, 7 என இரு எண்கள் தரப்பட்டுள்ளன. பாபிலோனியக் குறிப்பேடு 7ஆம் ஆண்டையே தருவதால், ஒரே நிகழ்வு இரு முறைகளில் எண்ணப்பட்டிருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

யெகோவாவின் சாட்சிகள் எனும் சமயக் குழுவினர் எருசலேம் கி.மு. 607இல் அழிந்ததாகக் கொள்கின்றனர். எரேமியா நூல் குறிப்பிடும் 70 ஆண்டுகளை, யூதர் நாடு திரும்பியதாக அவர்கள் கொள்ளும் கி.மு. 537இலிருந்து பின்னோக்கி எண்ணுவதால் இவ்வாண்டு பெறப்படுகிறது. வரலாற்றாய்வாளர்கள் இதனை ஏற்பதில்லை. நெபுகாத்நேச்சர் 43, எவில்-மெரோதாக்கு 2, நெரிக்லிசர் 4, நபோனிதசு 17 என்னும் ஆட்சியாண்டுகள், ஆண்டு குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வணிகப் பலகைகளால் உறுதியாகியுள்ளன. இவற்றிடையே கூடுதலாக 20 ஆண்டுகளுக்கு இடமில்லை. மேலும், யோயாக்கின் நாடுகடத்தப்பட்ட 37ஆம் ஆண்டில் எவில்-மெரோதாக்கு அரசராகி அவரை விடுவித்தார் என்று விவிலியமே கூறுகிறது. கி.மு. 597இலிருந்து எண்ணினால் இது கி.மு. 561 ஆகிறது. பாபிலோனியக் கணக்கின்படி எவில்-மெரோதாக்கு அரியணை ஏறியது கி.மு. 562இல் ஆகும். 70 ஆண்டுகள் என்பது பாபிலோனின் மேலாதிக்கக் காலத்தை (கி.மு. 609–539) குறிக்கிறது என்பது பலரது விளக்கம்.

விமர்சனங்கள்

தீலேயின் முறை மீது இரு தரப்பிலிருந்தும் விமர்சனங்கள் எழுந்துள்ளன. இணையாட்சிகளையும் கணக்கு முறை மாற்றங்களையும் தேவைக்கேற்பக் கற்பித்தால் எந்த எண் தொகுதியையும் பொருத்திவிடலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். எசேக்கியா பற்றிய குறிப்புகளைப் பிழை என ஒதுக்கியது ஏற்கத்தக்கதன்று என்பது விவிலியத்தில் பிழை இல்லை எனக் கருதுவோரின் வாதம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சில எண்கள் எபிரேய மூலத்திலிருந்து வேறுபடுவதையும் தீலே போதிய அளவு கருதவில்லை என்று சிலர் குறிப்பிட்டுள்ளனர்.

வில்லியம் ஆல்பிரைட் 1945இல் அரசு பிரிந்தது கி.மு. 922 எனக் கணித்தார். கெர்சோன் காலில் 1996இல் வெளியிட்ட நூலில் வேறொரு வரிசையைத் தந்தார். எனினும் கி.மு. 853, 841, 701, 597 ஆகிய நிலைப்புள்ளிகளில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளிலேயே கணிப்புகள் வேறுபடுகின்றன.

எல்லைகள்

கி.மு. 853க்கு முற்பட்ட காலத்துக்கு இத்தகைய உறுதியான நிலைப்புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. ரெகபெயாமின் 5ஆம் ஆண்டில் எகிப்திய மன்னர் சீசாக்கு படையெடுத்தார் என்று விவிலியம் கூறுகிறது. இவர் முதலாம் சோசெங்கு எனக் கருதப்படுகிறார். இப்படையெடுப்பு கி.மு. 925 அளவில் வைக்கப்படுகிறது. ஆனால் சோசெங்கின் காலத்தைக் கணிப்பதற்கே விவிலியத்தின் இக்குறிப்பும் பயன்படுத்தப்பட்டுள்ளது. எனவே இதனை முற்றிலும் தனித்த சான்றாகக் கொள்ள இயலாது.

சாலமோனின் 4ஆம் ஆண்டு எகிப்திலிருந்து வெளியேறிய 480ஆம் ஆண்டு என 1 அரசர்கள் 6:1 கூறுகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் இவ்வெண் 440 ஆகும். எபிரேய எண்ணின்படி வெளியேற்றம் கி.மு. 1446 அளவில் அமைகிறது. வெளியேற்றத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு எனக் கொள்வோருள் பலர் அதனைக் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் வைக்கின்றனர். இசுரயேல் என்னும் பெயரைக் குறிப்பிடும் மிகப் பழைய பதிவாகப் பெரும்பாலோர் ஏற்பது கி.மு. 1208 அளவிலான மெர்நெப்தா கல்வெட்டு ஆகும்.

கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 10, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அகழாய்வு அடுக்குகளுக்குப் பயன்படுகிறது. தெல் ரெகோவ் முதலிய இடங்களில் கிடைத்த தானியங்கள் இவ்வாறு கணிக்கப்பட்டுள்ளன. ஆயினும் இம்முறை குறிப்பிட்ட ஓர் ஆண்டைத் தருவதில்லை. பல பத்தாண்டு அகலமுள்ள ஒரு வரம்பையே தருகிறது. மேலும், ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை அளவீட்டு வளைகோடு தட்டையாக இருப்பதால் அக்காலத்துக்கு இம்முறையின் துல்லியம் மிகவும் குறைகிறது. ஆகவே மன்னர்களின் ஆண்டுகளுக்கு ஆப்பெழுத்துப் பதிவுகளும் வானியல் குறிப்புகளுமே முதன்மைச் சான்றுகளாக உள்ளன.